தொண்டென்னும் புகழும் தாதியர் சோர்வும்

பிறர் துன்பங் கண்டு இரங்குதல் மனிதர்க்கு இயல்பு. அத்துன்பத்தை நாடோறும் அருகிருந்து காண்டலும், கண்டு இரங்குதலோடு அமையாது கையாற் செய்யத்தக்கன செய்தலும், மறுநாளும் அவ்விடத்துக்கே மீளுதலும் ஒருவர்க்குத் தொழிலாக அமையுமாயின், அவருள்ளத்தில் இரக்கம் வளருமோ தேயுமோ என்பது ஆராயத்தக்க வினா. தீட்டத்தீட்டக் கூரேறும் கருவிபோல வளரும் என்பர் சிலர். தீட்டத்தீட்டத் தேயுங் கருவியும் அதுவே என்பர் வேறு சிலர். இரண்டும் ஒரோவழி உண்மையே. ஆயின், இரக்கம் தேய்ந்துபோன ஒரு தாதியை நாம் காணுமிடத்து அத்தேய்வு யாருடைய குற்றம் என்பதே அறநோக்கில் முதற்கண் தீர்க்கற்பாலது. வைத்தியசாலையிற் கடுஞ்சொற் கேட்டு மீண்டவர் "அவளுக்கு நெஞ்சென்பது இல்லை" என்று சொல்லுதல் எளிது. அச்சொல் நீதியானதா என்பதே ஈண்டு ஆராயப்படுவது. உபாத்தியாயர்களாகிய நாம் இவ்வினாவைப் பிறர் விஷயமென்று ஒதுக்கிவிட இயலாது. நம்மைக் குறித்தும் இச்சொல் வழங்குதல் உண்டு.

இச்சோர்வை மேனாட்டார் 'பேர்ன்அவுட்' என்னுஞ் சொல்லாற் குறிப்பர். எரியத்தக்கது எரிந்து தீர்ந்தபின் தீ அவிதல் என்பது அதன் பொருள். நாம் அதனைத் தொழிற்சோர்வு என்று வழங்கலாம். எனினும், ஓரிரவு உறங்கியெழுந்தால் நீங்கும் உடலயர்ச்சி அன்று அது என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும். இச்சொல்லை உளநூலிற் பயிலச் செய்தவருள் முதன்மையானவர் ஹேர்பேட் பிராய்டன்பேர்கர் என்பார். நியூயோர்க் நகரில் ஏழைகளுக்குப் பணம் பெறாது வைத்தியஞ் செய்யும் நிலையமொன்றில், பகலெல்லாந் தமது தொழிலைச் செய்தபின், மாலை வேளைகளிற் சென்று உழைத்தவர் அவர். அங்கே தாம் கண்டதையும், தம்மிடத்தே கண்டதையும் 1974 ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அந்நிலையத்திற் பணிபுரிந்தோருட் பலர் தாமே விரும்பி வந்த தொண்டர். கூலிக்காக வந்தோர் சலித்துப் போயினர் என்று அவர் எழுதவில்லை. தம்மை முழுவதும் ஈந்தோரே முதலில் அவிந்தனர் என்று எழுதினார். இதனை நாம் மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் இதன் பயன் விளங்கும்.

1981 இல் கிறிஸ்ரினா மஸ்லாக், சூசன் ஜாக்சன் என்னும் இருவர் இச்சோர்வை அளந்தறிதற்கு ஒரு வினாநிரலை வகுத்தனர். அவர் கொண்ட இலக்கணம் மூன்று: உணர்ச்சி வற்றிப்போதல், தம்மிடம் வந்தோரை மனிதராகக் காணாது பண்டங்களாகக் காணத் தலைப்படுதல், தாம் செய்வதனால் யாதொரு பயனும் இல்லையென்று எண்ணுதல். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் தனது நோய்ப் பாகுபாட்டின் பதினோராவது திருத்தத்தில் இதனை ஒரு நோயென்று வைக்காது, தொழிலிடத்து நீடித்த நெருக்கடி தக்கவாறு தீர்க்கப்படாமையால் விளையும் நிலை என்று வைத்தது. இது சிறு வேறுபாடன்று. நோயென்றால் மருந்து தேடுவது நோயாளியின் பொறுப்பாகும். தொழிலிடத்தின் விளைவென்றால், அத்தொழிலிடத்தை அமைத்தோரை நோக்கி விரல் நீளும்.

தாதியர் யாவர்க்கும் இச்சோர்வு வரக்கூடும். ஆயினும் புற்றுநோய், சிறுநீரக நோய், தீக்காயம், குறைமாதத்திற் பிறந்த குழவிகள் என்றிவ்வாறு ஒவ்வொரு துறையிலும் விசேட பயிற்சி பெற்று நிற்குந் தாதியர் நிலை தனியே நோக்கத்தக்கது. அவருள்ளும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவிற் பணிபுரிவாரை ஈண்டு எடுத்துக்கொள்வோம். அப்பிரிவு தோன்றிய வரலாறே நமது ஆராய்ச்சிக்கு உதவுவது.

1952 ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்துக் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் கொடிதாகப் பரவிற்று. மூச்சுவிடுந் தசைகள் செயலற்றுப் போனவருட் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பதின்மர் இறந்தனர். அந்நகரத்துப் பிளெக்டம் வைத்தியசாலைக்கு அழைக்கப்பட்ட பியோர்ன் இப்சன் என்னும் மயக்கமருந்து வைத்தியர், நோயாளியின் கழுத்தில் மூச்சுக்குழலைத் துளைத்துக் குழாயொன்றைச் செலுத்தி, இறப்பர்ப் பையொன்றைக் கையாற் பிசைந்து காற்றை உட்புகுத்தும் முறையைக் காட்டினார். பை பிசைவதற்கு யந்திரம் இல்லை. வைத்திய மாணாக்கர் ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்துப் படுக்கையருகே அமர்ந்து, இரவும் பகலும், சிலர்க்கு வாரக்கணக்காகவும் சிலர்க்கு மாதக்கணக்காகவும், கையாற் பிசைந்துகொண்டேயிருந்தனர். இறப்பு நாலிலொன்றாகக் குறைந்தது. மறுவருடம் இப்சன் அந்நகரத்து வேறொரு வைத்தியசாலையில் இத்தகைய நோயாளர்க்கென்றே தனிவிடுதி அமைத்தார். இன்று உலகெங்குமுள்ள அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதனையே மூலமாகக் காட்டுவர். பின்னர்ப் பையை யந்திரம் பிசையத் தொடங்கிற்று. ஆயினும் ஒருவர் படுக்கையருகே விழித்திருத்தல் வேண்டும் என்பது மாறவில்லை. மாணாக்கர் எழுந்து சென்ற அவ்விடத்திலே தாதியர் நின்றனர், இன்றும் நிற்கின்றனர்.

அவர் செய்வதென்ன? தொண்டையிற் குழாயிருத்தலின் நோயாளி பேசமாட்டார். மயக்கமருந்தின் வலியால் அறிவுந் தெளிவாயிராது. ஆதலின், நோயாளி சொல்லவேண்டியதனைத்தையும் தாதி பார்த்தறிதல் வேண்டும். நாடித்துடிப்பு, இரத்த அமுக்கம், மூச்சின் அளவு, சிறுநீரின் அளவு என்பவற்றை மணிதோறும் எழுதல், குழாயிற் சேருஞ் சளியை உறிஞ்சியெடுத்தல், துளித்துளியாகச் செல்லும் மருந்துகளின் அளவைக் கூட்டியுங் குறைத்தும் அமைத்தல், படுக்கைப்புண் வாராது உடலைப் புரட்டிக் கிடத்தல், தாமாக மூடாத கண்களுக்கு மருந்திடுதல், வாயைத் துடைத்தல் என்பன அவர் கடமைகளுட் சில. யந்திரங்கள் இடையறாது ஒலிக்கும். அவ்வொலிகளுட் பெரும்பாலன பொருளற்றவை. ஆயினும் பொருளுள்ளது எதுவென அறிதற்கு எல்லாவற்றையுங் கேட்டல் வேண்டும். நல்ல தாதியோ நினைவற்றுக் கிடப்பாரிடத்தும் "ஐயா, இப்போது உங்களை வலப்புறந் திருப்பப் போகின்றேன்" என்று சொல்லியே திருப்புவார். கேட்கின்றாரோ இல்லையோ, கேட்பவராகவே அவரைக் கொள்வார். நோயாளியை மனிதராகக் காணுதல் என்பது அவ்விடத்தே இவ்வளவு சிறிய செயலில் அடங்கியிருக்கின்றது. சோர்வு வந்துற்றபோது முதற்கண் நின்றுபோவதும் இதுவே. உடல் திருப்பப்படும்; மருந்து செல்லும்; எழுதவேண்டியது எழுதப்படும். அவ்வொரு வாக்கியம் மாத்திரம் இராது. மேற்பார்வையாளர் ஏட்டில் இக்குறை தோன்றாது.

இத்தொழிலில் மனநிறைவு இல்லையென்று எவரும் எண்ணற்க. விசேடத் துறைகளிற் பணிபுரியுந் தாதியர் பலர் வேறிடத்துக்கு மாற விரும்புவதில்லை. கற்ற கல்வி முழுவதும் பயன்படும் இடம் அது. நோயாளியின் நிறத்தில் நேர்ந்த சிறு மாற்றத்தை வைத்தியர் வருமுன்னரே கண்டு சொல்லவும், அச்சொல்லை வைத்தியர் செவிமடுக்கவும் பெறுதல் பெரிய நிறைவு. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளைக் கட்டிமேய்ப்பவர்க்கு, ஒரு மாணாக்கனை மாத்திரம் அருகிருத்திப் படிப்பிக்குந் தருணம் எத்துணை இன்பந்தரும் என்பதை நாம் அறிவோம். அத்தருணமே நாள்முழுவதும் கிடைப்பது போன்றது அப்பணி. ஆகவே, நிறைவு தருவதும் எரித்துத் தீர்ப்பதும் ஒன்றாயிருத்தல் எங்ஙனம் என்பதே வினாவாகின்றது.

இதற்குச் சிலர் கூறும் விடை, அன்பு குறைந்தோரே சோர்வர், ஆதலின் அன்பைப் பெருக்குதலே பரிகாரம் என்பது. இது கேட்டற்கு இனிது, உண்மையன்று. பிராய்டன்பேர்கர் கண்ட தொண்டரை மேலே குறித்தோம். அன்றூ ஜேம்ற்றன் என்னும் மெய்யியலார், தாதியர் தொழிலின் அறவினாக்களைப் பற்றி 1984 இல் எழுதிய நூலில், 'மோரல் டிஸ்ற்றெஸ்' என்றொரு பெயரை வகுத்தார். அறத்துயர் என்று நாம் கூறலாம். செய்யத்தக்கது இன்னதென்று ஐயமின்றி அறிந்தும், தாம் பணிபுரியும் நிலையத்தின் கட்டுப்பாடுகளால் அதனைச் செய்யவியலாது நிற்றலே அத்துயர். ஐயம் வேறு, இது வேறு. இனிப் பிழையார் என்று யாவரும் அறிந்த நோயாளிமேல் சிகிச்சைகள் மேன்மேலும் ஏற்றப்படுகின்றன. ஊசியேற்றுங் கை தாதியின் கை. ஏற்றுக என்று தீர்மானித்தவர் வேறொருவர். அவ்வாறே, இரண்டாவது படுக்கையிலுள்ளவர் அஞ்சி விழித்திருக்கின்றார். கைபற்றிப் பத்து நிமிஷம் இருந்தால் அமைதியுறுவார். மூன்றாவது படுக்கையின் யந்திரம் ஒலிக்கின்றது. இவற்றால் வருந்துபவர் எவர்? செய்யத்தக்கது இன்னதென்று அறியாதவர் வருந்தார். அறிந்தும் பொருட்படுத்தாதவர் வருந்தார். அறிவும் அன்பும் ஒருங்குடையவரே வருந்துவர். பயிற்சி மிகுந்தோறும் செய்யத்தக்கது தெளிவாகத் தெரிதலின், விசேட பயிற்சி பெற்றவர்க்கு இத்துயருக்கு இடமும் மிகுகின்றது. அன்பைப் பெருக்குக என்று அவர்க்கு உபதேசித்தல், தீக்காயப்பட்டவனைக் குளிர்காயச் சொல்லுதல் போலும்.

இனி, இரண்டாம் இலக்கணமாகிய மனிதரைப் பண்டமாகக் காணுதலை நோக்குவோம். இது தீயகுணமா? இலண்டன் நகரத்து வைத்தியசாலை ஒன்றிற் பயின்ற தாதியரை ஆராய்ந்த இசபெல் மென்சீஸ் என்னும் உளநூலறிஞர், 1960 இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் நமக்கு வியப்புத் தரத்தக்க ஒன்றைக் கூறினார். நோயாளரைப் பெயராற் கூறாது படுக்கையின் எண்ணாலும் நோயுற்ற உறுப்பாலுங் கூறுதல், ஒரு தாதி ஒரு நோயாளியை முழுமையாகக் கவனியாதவாறு வேலைகளைத் துண்டுதுண்டாக்கிப் பலர்க்குப் பகிர்தல், அடிக்கடி விடுதிவிட்டு விடுதி மாற்றுதல் என்பன அங்கே வழக்கமாயிருந்தன. தாதியின் நெஞ்சு நோகாதிருத்தற்பொருட்டு வைத்தியசாலை தானே அமைத்துக்கொண்ட அரண்கள் இவை என்பது அவர் துணிபு. அவ்வரண்கள் தாதியரைக் காக்கவில்லை என்பதும் அவர் கண்டதே. இத்தொழிலில் நிறைவு தருவது யாதோ அதனையே இவ்வரண் மறைத்தமையால், நல்ல மாணவிகளே பயிற்சியை இடையில் விட்டு நீங்கினர். எனவே, தாதி ஒருவர் "பத்தாம் படுக்கை" என்று நோயாளியைச் சொல்லும்போது, அச்சொல்லை அவர் தம் நெஞ்சிலிருந்து எடுத்தார் என்று துணிந்துவிடலாகாது. அங்கே வழங்குவதைக் கற்றுக்கொண்டும் இருப்பார்.

இவ்விடத்து உளநூலார் சிலரோடு நமக்கு ஒரு மாறுபாடு உண்டு. அவர் யாவற்றையும் சோர்வின் குறியென்று வைத்து, குற்றம் என்னுஞ் சொல்லையே நீக்கிவிடுவர். கடுஞ்சொற் கேட்ட நோயாளி குறியொன்றைக் கேட்டவரல்லர், கடுஞ்சொல்லைக் கேட்டவர். வலியால் அனுங்கும் முதியவளை "சும்மா கிட" என்று அதட்டிய தாதி அச்சொல்லுக்குப் பொறுப்பாளியே. சோர்வு அப்பொறுப்பைக் குறைக்கும், முற்றும் நீக்காது. நீக்கும் என்று கொள்வோமாயின், அத்தாதியையும் அறிவும் விருப்பும் உள்ள மனிதராகக் காணாது, அமுக்கினால் ஒலிக்கும் யந்திரமாகக் காண்போம். அவர் நோயாளிக்குச் செய்த பிழையையே நாம் அவர்க்குச் செய்தவராவோம். நாம் வேண்டுவது, பொறுப்பு அவரோடு நின்றுவிடாது மேலுஞ் செல்லல் வேண்டும் என்பதே. ஒருவர் தாங்கத்தக்க அளவினும் மிகையான சுமையை ஏற்றியவர், சுமந்தவன் தடுமாறியபோது தாம் வழியிலே நின்று பார்த்தவர் போலப் பேசுதல் தகாது.

சுமையின் அளவை எண்ணாற் காட்டியோரும் உளர். லிண்டா ஏய்க்கன் என்னும் பேராசிரியரும் அவர் துணைவரும் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2002 இல் முடிபை வெளியிட்டனர். வினவப்பட்ட தாதியர் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். கணக்கிற் கொள்ளப்பட்ட சத்திரசிகிச்சை நோயாளர் இரண்டு இலட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர். ஒரு தாதியின் பொறுப்பில் மேலும் ஒரு நோயாளி சேருந்தோறும், அத்தாதி தொழிற்சோர்வுறும் வாய்ப்பு நூற்றுக்கு 23 பங்கும், தொழிலில் நிறைவின்மை நூற்றுக்கு 15 பங்கும், நோயாளி முப்பது நாளுள் இறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 பங்கும் மிகுந்து நின்றன. இது சாதாரண விடுதிகளைப் பற்றிய கணக்கு. தாதியின் சோர்வும் நோயாளியின் இறப்பும் ஒரே கணக்கேட்டில் வருதலை நோக்குக. கலிபோர்ணியா மாகாணத்தார் இவ்வுண்மையை அதற்கு முன்னரே ஒருவாறு உணர்ந்து 1999 இற் சட்டஞ்செய்தனர். 2004 முதல் அங்கே அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாதிக்கு இரண்டு நோயாளர்க்கு மேல் ஒப்படைத்தல் சட்டத்துக்கு மாறு. அன்பு காட்டுக என்று சட்டஞ்செய்ய எவராலும் இயலாது. அன்புக்கு இடம் விடுக என்று எண்ணிட்டுச் சட்டஞ்செய்தல் இயலும் என்பதை அம்மாகாணத்தார் காட்டினர்.

ஆயினும் பெரும்பாலான அரசுகளும் நிருவாகங்களும் எண்ணை விரும்புவதில்லை, புகழையே விரும்புகின்றன. 2020 ஆம் ஆண்டிற் கொரோனாத் தொற்று இங்கிலாந்தைத் தாக்கியபோது, செயற்கைச் சுவாசம் பெறும் நோயாளி ஒருவர்க்குத் தேர்ந்த தாதி ஒருவர் என்றிருந்த நெறி தளர்த்தப்பட்டது. தேர்ந்த தாதி ஒருவர், வேறு விடுதிகளிலிருந்து வந்த உதவியாளரோடு, பலரைப் பார்க்கும்படி நேர்ந்தது. உறவினர் உள்ளே வருதல் தடுக்கப்பட்டமையின், இறப்பவர் செவியருகே தொலைபேசியைப் பிடித்து நின்றவர்களும் தாதியரே. அவ்வருடம் மார்ச்சு மாதம் 26 ஆந் தேதி தொடங்கிப் பத்து வாரம், வியாழக்கிழமைதோறும் இரவு எட்டு மணிக்கு, அந்நாட்டு மக்கள் வாயில்களில் நின்று அவர்க்காகக் கைதட்டினர். மந்திரிமாரும் தட்டினர். மக்கள் தட்டியது மெய்யான நன்றியே. அதனை இகழ்தல் நமது கருத்தன்று. 2021 மார்ச்சில் அவ்வரசு தாதியர்க்கு முன்மொழிந்த சம்பள உயர்வு நூற்றுக்கு ஒன்று. எழுந்த கண்டனத்தின் பின்னர் அது மூன்றாக்கப்பட்டது. 1916 இல் நிறுவப்பட்ட அந்நாட்டுத் தாதியர் கல்லூரிச் சங்கம் 2022 டிசம்பர் 15 ஆந் தேதியும் 20 ஆந் தேதியும் வேலைநிறுத்தஞ் செய்தது. இங்கிலாந்தில் அச்சங்கம் அங்ஙனஞ் செய்தது அதுவே முதன்முறை. அந்நாள்களிலும் அதிதீவிர சிகிச்சை, சிறுநீரகச் சுத்திகரிப்பு, புற்றுநோய் மருந்தேற்றுதல் முதலிய பணிகளை நிறுத்தத்தினின்றும் விலக்கியே வைத்தனர். இன்றியமையாத பணி செய்வோர் நிறுத்தவும் இயலாதவர். அவர் நிறுத்தமாட்டார் என்பதை அறிந்தே பிறர் தாமதிக்கின்றனர்.

புகழ்தலில் ஓர் ஏமாற்று உண்டு. கடன்பட்டவன் கடன்கொடுத்தவனை "நீர் வள்ளல்" என்று புகழ்வானாயின், கொடுத்தது கடனன்று கொடையென்று அவன் சாதிக்கத் தொடங்கிவிட்டான் என்பதே பொருள். கொடைக்கு வட்டியும் இல்லை, தவணையும் இல்லை, கேட்கும் உரிமையும் இல்லை. தாதியரைத் தேவதைகள் என்று விளிப்பதும் இத்தகையதே. தேவதைக்குப் பசியுமில்லை, உறக்கமுமில்லை, வாடகை கொடுக்கவேண்டிய வீடுமில்லை.

தொண்டென்னுஞ் சொல் நம் சமயத்தார் வாயில் நெடுங்காலமாகப் பயின்றுவருவது. ஆதலின் இங்கே ஒரு தடை எழுதல் இயல்பு. பயன் கருதாது செய்வதன்றோ தொண்டு? ஊதியத்தையும் ஓய்வையும் எண்ணி வாதிடுவார்க்குத் தொண்டர் என்னும் பெயர் எங்ஙனம் பொருந்தும்? நாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்தில் ஆசிரியர் இதனையே 'வொக்கேஷன்' என்னுஞ் சொல்லால் உணர்த்துவர். அழைக்கப்படுதல் என்பது அதன் மூலப்பொருள். விடுதித் தலைமைத் தாதியை 'சிஸ்டர்' என்றழைக்கும் வழக்கும் கன்னியர் மடங்களின் வழியே வந்ததே. இரு மரபினுங் கருத்து ஏறத்தாழ ஒன்று. விடை கூறுவோம். அப்பரடிகள் உழவாரப்படை தாங்கித் திருக்கோயில் வீதிகளைத் திருத்தியது தாமே மேற்கொண்ட தொண்டு. அவரை நோக்கி ஒரு கோயிலதிகாரி, "நீர் தொண்டரன்றோ, ஆதலின் இன்னும் மூன்று வீதிகளையும் திருத்துக, ஆள் வைக்க எமக்குச் செலவு" என்று கூறியிருப்பாராயின், அவர் கூறியது தொண்டின் இலக்கணமாகுமா? தொண்டு, செய்பவர் தம்மைக் குறித்துச் சொல்லத்தக்க சொல். செய்விப்பவர் அதனைச் சொல்லும்போது அது வேறொன்றாகிவிடுகின்றது. தாதி தம் பணியைத் தொண்டாக எண்ணுதல் அவர் உரிமை. அதனைக் காரணங்காட்டி அவர்க்குரிய துணையாளரை நியமியாது விடுதல் நிருவாகத்தார்க்கு உரிமையன்று.

தாதியர் தொழிலுக்கு முதல்வியாகப் போற்றப்படும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு. கையில் விளக்கேந்தி இரவில் நோயாளரிடையே நடந்தவர் என்று அவரை உலகம் அறியும்; பாடப்புத்தகங்களிலும் அப்படமே அச்சிடப்படும். அவர் 1853 இல் இலண்டன் ஹார்லி வீதியில் நோயுற்ற மகளிர்க்கான இல்லமொன்றின் பொறுப்பை ஏற்றபோது முதலிற் கேட்டவை யாவை? மாடிதோறும் குழாய்வழியே வெந்நீர். உணவை மேலேற்றுதற்கு ஒரு பொறி. எந்த நோயாளி அழைத்தார் என்பதைத் தாதி நின்ற இடத்திலிருந்தே அறியுமாறு அமைந்த மணிகள். இவையின்றேல் தாதியின் கால்கள் படிக்கட்டிலே தேயும், நோயாளியருகே நிற்க நேரமிராது என்பது அவர் கணக்கு. 1860 இற் புனித தோமையர் வைத்தியசாலையில் அவர் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பாடசாலையிலும் மாணவிகளுக்கு உணவு, உறைவிடத்தோடு சிறு ஊதியமும் வழங்கப்பட்டது. விளக்கை நினைவிற்கொண்ட உலகம் உணவேற்றும் பொறியை மறந்துவிட்டது.

இக்காலத்துச் சில வைத்தியசாலைகள் சோர்ந்த தாதியர்க்கு யோகாசனமும் தியானமும் பயிற்றுவிக்கின்றன. நம்மவர் கலைகள் கடல்கடந்து மதிக்கப்படுதல் மகிழ்ச்சிக்குரியதே. பயின்றவர்க்கு மனவமைதி உண்டாதலையும் மறுக்கின்றோமல்லோம். ஆயின் மூவர் செய்யவேண்டியதை ஒருவர் செய்து களைத்தபோது, மூச்சை அடக்கிப் பழகுக என்று அவர்க்குச் சொல்லுதல் யோகநூலார் கருதிய பயனன்று. அப்பயிற்சியும் பெரும்பாலும் அவருடைய ஓய்வு நேரத்திலேயே வைக்கப்படும்.

அவ்வாறாயின், தாதியர் விட்டு நீங்காத வைத்தியசாலைகள் இல்லையா எனின், உண்டு. அமெரிக்கத் தாதியர் கழகமொன்று, தாதியர்ப் பற்றாக்குறை மிகுந்திருந்த காலத்தும் தாதியரை ஈர்த்து நிறுத்திக்கொண்ட 41 வைத்தியசாலைகளைத் தெரிந்தெடுத்து ஆராய்ந்து 1983 இல் முடிபை வெளியிட்டது. காந்தம் போல்வன என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். அங்கே கண்டவை பெரிய இரகசியங்களல்ல. போதிய ஆள்கள் இருந்தனர். தம் பணியைத் தாமே தீர்மானிக்கும் உரிமை தாதியர்க்கு இருந்தது. தாதியர் தலைவியின் குரல் நிருவாக சபையில் ஏறிற்று. வைத்தியர் அவரைக் கலந்துபேசினர். அறத்துயருக்குக் காரணமாக மேலே கூறியவற்றைத் தலைகீழாக நிறுத்தினால் இவையே வரும்.

இவற்றாலுந் தீராத ஒன்று அதிதீவிர சிகிச்சைத் தாதியர்க்கு உண்டு. அது மூன்றாம் இலக்கணமாகிய பயனின்மை எண்ணத்தைச் சார்ந்தது. அப்பிரிவில் நோயாளி தேறத் தொடங்கிய உடனே, கண்விழித்து நன்கு பேசுமுன்னரே, வேறு விடுதிக்கு அனுப்பப்படுவார். தேறாதவரோ பெரும்பாலும் அங்கேயே இறப்பார். ஆகவே அத்தாதி தம் பணியின் தோல்விகளை முழுவதும் பார்க்கின்றார், வெற்றிகளைப் பார்ப்பதில்லை. பத்துப் பேரில் எண்மர் பிழைத்து வீடு சேர்ந்தாலும் அவர் கண்ட முகங்கள் இறந்த இருவர் முகங்களே. நமது தொழில் இவ்வகையிற் பாக்கியமுடையது. அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த பிள்ளை இருபது வருடத்தின்பின் சந்தியில் எதிர்ப்பட்டுத் துவிச்சக்கரவண்டியை விட்டிறங்கி வணங்குவான். இயந்திரத்தோடு பிணிக்கப்பட்டுக் கிடந்தவர் பிழைத்தெழுந்து தெருவிற் போனாலும் தம்மைக் காத்த தாதியை அறியார்.

இதனை உணர்ந்து சிலவிடங்களில் இரண்டு வழக்கங்களைத் தொடங்கியிருக்கின்றனர். ஸ்கண்டிநேவிய நாடுகளிற் தொடங்கிப் பிற தேசங்களுக்கும் பரவிய ஒன்று நாட்குறிப்பு. நினைவற்றிருக்கும் நோயாளியின் படுக்கையருகே ஓர் ஏடு வைக்கப்படும். இன்று மழை பெய்தது, உம்முடைய மகள் வந்து உம் கையைப் பிடித்திருந்தாள், இன்று முதன்முறையாக நாற்காலியில் இருத்தினோம் என்று தாதி அதில் எழுதுவார். தேறிய பின்னர் நோயாளி தாம் இழந்த நாள்களை அதிற் படித்தறிவார். நோயாளியின் நன்மைக்காகவே இது தொடங்கப்பட்டது. ஆயினும், எழுதுந் தாதிக்கும் அம்மணிப்பொழுதில் எதிரே கிடப்பது எண்ணிட்ட படுக்கையன்று, மகளையுடைய ஒருவர் என்பது உறுதிப்படுகின்றது. மற்றது, வீடு சென்றவர் சில மாதங்களின்பின் பரிசோதனைக்கு வரும்போது அப்பிரிவுக்கும் வந்து தாதியரைக் காண ஒழுங்குசெய்தல். வருபவருட் பலர் தாதியின் முகத்தை அறியார். கண்மூடிக் கிடந்த காலத்திற் கேட்ட குரலைக் கொண்டு அறிந்துகொள்வோரும் உளர். வலப்புறந் திருப்பப்போகின்றேன் என்று சொல்லிய குரலாக அது இருத்தல் கூடும்.

இச்சந்திப்புக்குச் செல்லும் அரை மணி நேரத்தில் அத்தாதியின் நோயாளரைப் பார்ப்பதற்கு வேறொருவர் வேண்டும். நாட்குறிப்பு எழுதற்கும் நாளொன்றுக்குப் பத்து நிமிஷமாவது வேண்டும். அந்நேரத்தைக் கடமை நேரத்துட் சேர்த்து அதற்கேற்ப ஆள் நியமிப்பதா, அன்றித் தாதி தம் உணவுவேளையிலிருந்து எடுத்துக் கொடுக்கும்படி விடுவதா என்பதை ஒவ்வொரு வைத்தியசாலை நிருவாகமும் தன் வரவுசெலவுக் கணக்கிலே தீர்மானிக்கின்றது.